நாற்பது துடுப்புத் தூரம்

அப்லாமா கடற்கரையில் அந்தப் பதினாறு சிவப்புக் கம்புகளையும் ஒரு செவ்வாய்க்கிழமை நான்தான் நட்டேன். மறுநாள் காலை மீனோடு திரும்பிய படகுக்காரர் ஒடோய் இன்றுவரை கரையேறவில்லை. பதினொரு வருடம் ஆகிறது. படகு கவிழவில்லை, ஆளும் காணாமல் போகவில்லை. கரையில் நின்று பார்த்தால் தெரிகிற இடத்தில்தான், நாற்பது துடுப்புத் தூரத்தில், மஞ்சள் பனியனோடு உட்கார்ந்திருக்கிறார்.

நான் இந்த ஊர் நகரசபையில் எழுத்தர். பெயர் சாஃபோ. குமாசிப் பக்கத்துக் காட்டுக்காரன், முப்பது வயதில்தான் கடலையே முதன்முதலாகப் பார்த்தேன். அந்த வருடம் விடுமுறைக்குக் குளிக்க வந்த ஓர் ஆசிரியையின் தோளைக் கரைக்கு வந்த படகின் மூக்கு உடைத்துவிட்டது. குளிக்கிறவர்களுக்கு ஒரு பக்கம், படகுகளுக்கு ஒரு பக்கம் என்று பிரித்துக் கம்பு நட்டுக் கயிறு கட்டச் சபை முடிவு செய்தது. நியாயமான முடிவு. அதை என்னிடம் கொடுத்தார்களே, அதுதான் பிசகு. கூட்டமில்லாத நாளாகப் பார்த்து அளக்கப் போனேன். இந்தக் கரையில் செவ்வாய்க்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை, கடல் ஓய்வெடுக்கிற நாள். பன்னிரண்டு படகுகளும் மேற்கே தென்னை நிழலில் கிடந்தன. ஆட்கள் அங்கேயே உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். படகுக்காரர்களுக்கு மேற்கு, குளிக்கிறவர்களுக்குக் கிழக்கு என்று எனக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. நீருக்கடியில் பாறை இல்லாத ஒரே வழி கிழக்கில்தான் இருக்கிறது, படகுகள் அதில் நுழைந்து கரையேறித்தான் கட்டைமேல் உருண்டு நிழலுக்குப் போகின்றன என்பது விளங்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. ஒடோய் டேப்பின் மறுமுனையைக்கூடப் பிடித்துக்கொண்டார். ஊருக்கு ஒரு பொதுக் கழிப்பறை கட்டித்தருவதாகச் சபை பதினான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது, அதற்குத்தான் அளக்கிறேன் என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள்.

நள்ளிரவு தாண்டிக் கடலுக்குப் போன படகுகள் புதன் காலை திரும்பியபோது, விடிந்ததும் நான் கட்டிய கயிற்றுக்கு உள்ளே தலைநகர் அக்ராவிலிருந்து வந்த பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேர் குதித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய படகுகள் பதினொன்றும் மூக்கைத் திருப்பிக்கொண்டு பக்கத்து ஊர்க் கரைக்குப் போயின. ஒடோயின் படகு ஓராள் தூண்டில் படகு. பிள்ளைகள் போகட்டும் என்று கயிற்றுக்கு வெளியே காத்திருந்தார். நண்பகலில் பிள்ளைகள் பேருந்து ஏறினார்கள். ஒடோய் துடுப்பைப் போட்டார். நாற்பது போட்டால் மணல் தட்ட வேண்டும். நாற்பது போட்டார், இன்னும் நாற்பது இருந்தது. பொழுது சாயும்வரை போட்டார். நாற்பதே இருந்தது.

ஊர் இதற்குப் பழக ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவரை நோக்கி நீந்தினாலும் அந்தத் தூரம் குறைவதில்லை, படகில் போனாலும் குறைவதில்லை. ஆனால் பேச்சு மட்டும் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் பேசுவதுபோல் இரு பக்கமும் கேட்கும். அவர் மனைவி அமெர்லே, சந்தையில் கென்கி என்னும் புளித்த சோளமாவு உருண்டை விற்கிறவள், அதில் இரண்டும் பொரித்த மீனும் மிளகாய் அரைப்பும் வைத்த எனாமல் கிண்ணத்தைத் தினமும் தண்ணீரில் விடுவாள். அது நேராக அவரிடம் போகும், கழுவித் திரும்பி வரும். செவ்வாய்க்கிழமை மட்டும் நகராது, அன்று அவர் பட்டினி. குளிக்கிறவர்களுக்கு அவரால் நன்மைதான். நீர் உள்ளே இழுக்கும் இடம் அவருக்குத் தெரியும், “ஏம்மா, அந்தப் பச்சைத் துணி, இந்தப் பக்கம் வா” என்று அங்கிருந்தே சொல்லிவிடுவார். அவர் உட்கார்ந்த நாளிலிருந்து இங்கே யாரும் மூழ்கவில்லை. சபை அவரைக் கௌரவக் கடற்கரைக் காவலராக அறிவித்து ஒரு விசிலைக் கிண்ணத்தில் வைத்து அனுப்பியது. கடிதத்தை எழுதியது நான். விசிலை அவர் ஊதியதே இல்லை.

புருஷன் பெண்டாட்டிச் சண்டையும் நிற்கவில்லை. “கூரை ஒழுகுது. நீ அங்க உக்காந்து காத்து வாங்கு” என்பாள் அமெர்லே. “இங்க கூரையே இல்ல, அதனால ஒழுகவும் இல்ல. நீ வேணா இங்க வந்துடேன்” என்பார். குளிக்க வந்தவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்காமல், கிண்ணம் திரும்பும்வரை முழங்கால் தண்ணீரில் நிற்பாள்.

எனக்கு ஊர் ‘கம்புக்காரன்’ என்று பெயர் வைத்ததோடு சரி. யாரும் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. மதுக்கடையில் நான் நுழைந்தால் நல்ல நாற்காலியை எனக்கு விட்டுவிட்டு எல்லோரும் அடுத்த மேசைக்குப் போய்விடுவார்கள். அவ்வளவு மரியாதையை ஒரு மனிதன் தனியாகத் தாங்குவது கஷ்டம். தப்பு என்னுடையதா என்று மீனவர் தலைவர் ஒக்போட்டியிடம் கேட்டேன். “கடல் பெருசு சாஃபோ. கள்ளு சாப்பிடுறியா?” என்றார். கடல் பூசாரியிடம் கேட்டேன். “மழை வருமான்னு கேளு, சொல்றேன்” என்றார். அமெர்லேயிடம் கேட்டேன். “உருண்டை ஒண்ணா ரெண்டா? பின்னாடி ஆள் நிக்குது” என்றாள். ஒடோயிடமே கேட்டேன். “கழிப்பறை வந்துடுச்சா தம்பி?” என்றார்.

நான்காம் வருடம் கம்புகளைப் பிடுங்க உத்தரவு வாங்கினேன். அதற்குள் நான் எழுதிய மனுக்களை அடுக்கினால் என் கட்டிலுக்கு ஒரு கால் ஆகும், ஆகியும் இருக்கிறது. புது ஏற்பாட்டை ஒக்போட்டிதான் சொன்னார்: காலை ஒன்பதுவரை கரை படகுகளுக்கு, அதற்குப் பிறகு குளிக்கிறவர்களுக்கு. செவ்வாய் முழுக்கக் குளிக்கிறவர்களுக்கே, அன்று எப்படியும் படகு போவதில்லை. ஒரு நாள் வலை பின்னுமிடத்தில் போய் உட்கார்ந்து கேட்டிருந்தால் இந்த யோசனை எனக்கும் கிடைத்திருக்கும். பதினொரு படகுகளும் பக்கத்து ஊரிலிருந்து திரும்பின. அன்றிலிருந்து ஒரு தோளும் உடையவில்லை. கம்பு பிடுங்கிய காலையில் ஊரே கரையில் நின்றது. அமெர்லே திருவிழாத் துணி உடுத்தி, தலைக்கட்டுக் கட்டி, புதுச் செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். கடைசிக் கம்பு என் தோளில் இருக்கும்போதே ஒடோய் துடுப்பைப் போட்டார். நாங்கள் எல்லோரும் உரக்க எண்ணினோம். நாற்பதில் நிறுத்தினோம், மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினோம். மூன்றாம் சுற்றில் குரல்கள் குறைந்தன, பத்தாவதில் நான் ஒருவன்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். நான் போட்ட கோட்டை நான் எடுத்துவிட்டேன், கடல் எடுக்கவில்லை. சாயங்காலம் அவர் துடுப்பைக் குறுக்கே வைத்தார். “சோளம் ஊறப் போடணும்” என்று சொல்லிவிட்டு அமெர்லே போனாள்.

ஒன்பதாம் வருடம் மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் படுத்திருந்தாள். அந்த மூன்று நாளும் கிண்ணத்தைப் பக்கத்து வீட்டுக்காரி விட்டாள், மூன்று நாளும் ஒடோய் துடுப்புப் போட்டுக்கொண்டே இருந்தார். நான்காம் நாள் அமெர்லே போய்விட்டாள். தச்சர் அவளுக்குச் சோளத்தோலில் சுற்றிய கென்கி உருண்டை வடிவத்தில் சவப்பெட்டி செய்தார், செய்த தொழிலின் வடிவில் பெட்டி செய்வதுதான் இங்கே முறை. சனிக்கிழமை பெட்டியைக் கரைக்குக் கொண்டுவந்து அவருக்குத் தெரிகிற மாதிரி வைத்தார்கள். ஓராள் படகில் எழுந்து நின்றால் கவிழ்ந்துவிடும். அவர் நின்றார். பெட்டி தென்னைகளுக்குப் பின்னால் மறையும்வரை நின்றார், படகு அசையவில்லை.

அதற்கப்புறம் கிண்ணம் என் பொறுப்பு. யாரும் கேட்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். கல்யாணமாகாத காட்டுக்காரன் சமைத்த மீன் எப்படியிருக்கும் என்பதற்கு, முதல் வாரம் கிண்ணம் அப்படியே திரும்பி வந்ததே சாட்சி. இரண்டாம் வாரம் பாதி காலியாக வந்தது. வேலை முடிந்ததும் மணலில் உட்கார்ந்துகொள்வேன். கால்பந்து பேசுவோம், தூரத்துக் கப்பல் எந்த ஊருக்குப் போகும் என்று பந்தயம் கட்டுவோம், நிறைய நேரம் சும்மா இருப்போம். ஊரில் வேறு யாரும் என்னோடு சும்மா இருந்ததில்லை. அதனாலேயே தப்பு என்னுடையதா என்ற அந்தப் பழைய கேள்வியை இரண்டு வருடம் கேட்கவில்லை. அவரும் மேசை மாறிவிட்டால் நான் எங்கே போவேன்?

போன புதன்கிழமை கேட்டேன். தண்ணீர் தகடுபோல் கிடந்தது, குளித்தவர்கள் போய்விட்டார்கள். “ஒடோய் அண்ணே, சுத்தி வளைக்காம சொல்லுங்க. என் மேல கோபமா?”

அவர் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே விரலை விட்டு ஒருமுறை, வெளியே ஒருமுறை கழுவினார். தண்ணீரில் விட்டார். அது என் பக்கம் வரத் தொடங்கியது.

“ஆமா. உன்னாலதான். அவ படுத்திருந்த மூணு நாளும் நான் கை வலிக்கப் போட்டேன், அவ கையை ஒரு தடவை புடிக்க முடியல. அந்தக் கோபம் போகல, போகாது. அதை நீ வச்சுக்க. கிண்ணத்தை எடு, உன் காலடிக்கு வந்துடுச்சு பாரு. நாளைக்கு மீனுக்கு உப்பு கொஞ்சம் கூடப் போடு, வெயில் தாழுறதுக்குள்ள வந்துடு. தனியா உக்காந்திருக்க முடியல.”