நாலாம் நம்பர் வாட்ச்

டிவியில், மேடை மேல் நின்ற கறுப்புச் சட்டைக்காரன் ஒருவன் கையைத் தூக்கிக் காட்டினான். மணிக்கட்டில் புது வாட்ச். அதற்குத் துணையாகப் பெரியதும் சின்னதுமாக இரண்டு போன். அந்தப் போன் இல்லாமல் இந்த வாட்ச் வேலை செய்யாதாம். ஒன்றைக் காட்டி இன்னொன்றையும் தலையில் கட்டுகிற வித்தை எனக்குப் புதிதில்லை. ஆனால் ஓட்டல் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் எங்கள் சலவைக்கூடத்தில் எல்லோரும் சாப்பாட்டை மறந்து டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தூங்குறதக்கூட கணக்குப் பண்ணுமாம்," என்றார் வேன் டிரைவர்.

"உன் குறட்டையக் கேட்டா அது செவிடாயிடும்," என்றார் வாஷிங் மாஸ்டர்.

உடம்புச் சூட்டையும் நாடியையும் வைத்து, வயிற்றில் பிள்ளை தங்கியிருந்தால்கூட இந்த வாட்ச் முன்கூட்டியே சொல்லிவிடும் என்றான் மேடைக்காரன். எல்லோரும் அடேயப்பா என்றார்கள். என் ஓரகத்தி மட்டும் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனாள். அவள் என் கொழுந்தனின் மனைவி. ஒரே வீடு, ஒரே அடுப்பு, இங்கே ஒரே வேலை. மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் என்ன பயம்? இந்த வாட்சை எங்களுக்கு வாங்கப் போவதாக முதலாளி இவளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது.

நினைத்தது போலவே கொஞ்ச நாளில் முதலாளி அட்டைப்பெட்டியோடு வந்தார். பெரிய போன் அவருக்கு, சின்னது அவர் மனைவிக்கு, வாட்ச் எல்லாம் எங்களுக்கு. எங்கள் கையில் இருப்பது பேசுவதெல்லாம் அவர் போனோடு.

"உங்க உடம்பு நல்லா இருந்தாத்தான் எனக்கு நிம்மதி," என்றார்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். இங்கே துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு வயிறு தெரிய ஆரம்பித்ததும், 'உன் நல்லதுக்குத்தாம்மா' என்று வீட்டுக்கு அனுப்பியவர் இவர். பிறகு அவளைக் கூப்பிடவே இல்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நான் வாலையும் தூக்கிப் பார்க்கிறவள். பாய்லர் மறைவில் அழுக்கு மூட்டை மேல் நான் கொஞ்ச நேரம் உட்காருவதை எண்ணத்தான் இந்த தானம் என்று முடிவு கட்டினேன்.

வாட்சின் முதுகில் ஆளுக்கொரு நம்பர். என்னுடையது நாலு. ஆனால் இஸ்திரி மெஷின் பக்கம் வாட்சோடு நின்றால் மணிக்கட்டு வெந்துவிடும். அதனால் வேலை தொடங்கும்போது கழற்றி, துணிகளின் பாக்கெட்டில் அகப்படும் சாவியையும் பேனாவையும் போட்டு வைக்கிற தகரத் தட்டில் போடுவோம். போகும்போது கைக்கு வந்ததைக் கட்டிக்கொண்டு போவோம். எல்லாம் ஒரே முகம், யார் திருப்பிப் பார்க்கிறார்கள்? முதலாளிக்கு இது தெரியாது.

ஓரகத்தி மட்டும் திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொன்றாகத் திருப்பி, நாலாம் நம்பரை எடுத்துக் கட்டிக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். தினமும் அதேதான்.

"ஏண்டி, என் நம்பர் உனக்கு எதுக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. மாறிப்போச்சு."

தினமுமா மாறும்? நனைந்த மூட்டையைத் தூக்கச் சொன்னால் நழுவுகிறாள், அடிக்கடி குழாயடிக்கு ஓடுகிறாள். வீட்டுக்குப் போனாலும் படுக்கைதான். அந்தச் சோம்பலை என் கணக்கில் ஏற்றி என்னை மாட்டிவிடப் பார்க்கிறாள் என்று உள்ளுக்குள் கொதித்தேன். வீட்டிலும் அவளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஒரு நாள் முதலாளி பெரிய போனைப் பிடித்தபடி உள்ளே வந்தார்.

"நாலாம் நம்பர் யாரு?"

"நான்தான்."

"ஏம்மா, இந்த வயசுலயா? விசேஷம்னு காட்டுதே!"

கூடமே சிரித்தது. வேன் டிரைவர் கை தட்டினார். எனக்கு மாதவிலக்கு நின்றே இரண்டு வருடமாகிறது. வந்த கோபத்தில் ஓரகத்தியைத் திட்டத் திரும்பினேன். அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. போன தடவை உண்டானது தங்காமல் போனபோது பார்த்த அதே முகம். குழாயடி, பாதிச் சாப்பாடு, தூக்காத மூட்டை எல்லாம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வாட்ச் மாறிப்போச்சு என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த கேள்வி, அப்படியானால் யார்? அதோடு அவள் வேலை போய்விடும்.

"என் கையிலதான் கட்டியிருந்தேன் மொதலாளி," என்றேன். "எதுத்த தெரு டாக்டரம்மாகிட்ட போவோம். செலவு உங்களோடது. மெஷின் சொன்னது நெசம்னா நானே வீட்டுக்குப் போயிடறேன். பொய்னா இந்த வாட்ச் எல்லாத்தையும் பொட்டில போட்டு எடுத்துட்டுப் போயிடணும்."

இத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வாட்சுகள் கிடந்த தகரத் தட்டை மாஸ்டர், முதலாளி கண்ணில் படாமல் காலால் மேஜைக்கு அடியில் தள்ளினார்.

டாக்டரம்மா என் வயதைக் கேட்டதுமே சிரித்துவிட்டார். சோதித்துப் பார்த்து, இல்லை என்று எழுதியும் கொடுத்தார்.

"புது மாடல், முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும்," என்று முணுமுணுத்துக்கொண்டே முதலாளி வாட்சுகளைப் பெட்டியில் போட்டார்.

சாயந்திரம் ஓரகத்தியைப் பாய்லர் மறைவுக்கு இழுத்துப் போனேன்.

"வீட்ல தெரியுமா?"

"அவர்கிட்டகூட சொல்லலக்கா. இந்தத் தடவை தங்கட்டும்னுதான். உங்க நம்பர்ல காட்டினா யாரும் நம்ப மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா? அந்த வாட்சுக்கு என்ன ஒரு பயம்!"

அவள் தலையைக் குனிந்தபடி, கோபமே இல்லாமல் சொன்னாள். "வாட்ச் சார்ஜ் போடுறப்பவாவது கண்ண மூடும். நீங்க எப்பக்கா மூடுனீங்க?"

அவள் காலடியில் கிடந்த ஈர மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தேன். அவள் பின்னால் வருகிறாளா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது. பார்க்கவில்லை.