மஞ்சள் தண்ணீர் ஊற்றிய எலும்பு

முற்றத்தில் நின்ற சீமெந்து நீர்யானையின் முதுகில் மழை விழுந்து தெறித்தது. அது வாயைப் பிளந்தபடி நின்றது. வாய்க்குள் யாரோ ஒரு யோகட் கோப்பையைத் திணித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"அண்ணி, அது என்னா, எருமையா?" என்றாள் மனோகரி. கண் கிளினிக்கில் விட்ட மருந்தால் அவளுக்கு உலகமே புகையாகத் தெரிந்தது.

"எருமைக்கு இம்புட்டு வாயா இருக்கும்? நீர்யானைடி. கண்ணைக் கசக்காம வா."

தங்கம்மாவும் அவள் நாத்தனார் மனோகரியும் அந்த மியூசியத்துக்குள் ஏறியது எலும்பு பார்க்கிற ஆசையில் இல்லை. நிவித்திகல பஸ்ஸுக்கு நேரம் கிடந்தது. மழை பிடித்துக்கொண்டது. இரத்தினபுரி டவுனில் கல் வியாபாரி ஒருவர் தன் பழைய வீட்டை மியூசியமாக்கி வைத்திருந்தார். அதன் கதவு திறந்து கிடந்தது. அவ்வளவுதான் விஷயம்.

முதல் அறையில் மாணிக்கக் கற்கள். அதில் இருவரும் நிற்கவில்லை. இரண்டாவது அறையில்தான் எலும்புகள். தங்கம்மா அங்கே நின்றாள். அவள் எதையும் எட்டிப் பார்க்காமல் விடுகிற ஆள் இல்லை. தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போதுகூட தராசு முள்ளைப் பார்த்த பிறகுதான் கூடையைத் தூக்குவாள். "இவளுக்கு எல்லாத்தையும் தொறந்து பாக்கணும்" என்று மலையில் பெண்கள் சொல்வதுண்டு. பாராட்டாகச் சொல்வதில்லை.

சுவர் முழுக்க ஒரு நீர்யானைப் படம். ஆற்றில் நிற்கிறது, பின்னால் சிவனொளிபாத மலை. படத்துக்குக் கீழே கண்ணாடிப் பெட்டியில் சிவப்பு வெல்வெட் விரித்து ஒரு கால் வைத்திருந்தார்கள். அதில் மூன்று துண்டுகள்தான் காப்பிக்கொட்டை நிறம். மற்றதெல்லாம் வெள்ளை.

"என்னா இருக்கு அண்ணி, சொல்லேன்."

"மூணே மூணு துண்டு எலும்பு. மிச்சத்துக்குச் சுண்ணாம்புல செஞ்சு ஒட்டியிருக்கான். அதை வச்சு செவுத்துல முழு மிருகத்தையும் கீறிட்டான், வாலோட."

"கல்யாணத் தரகன் வேலைதான். மாப்பிள்ளையோட செருப்பைக் காட்டிட்டு ஆள் ஆறடின்னுவான்."

தங்கம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுத்த பெட்டிக்குக் குனிந்தாள். சிரிப்பு அங்கேயே நின்றுபோனது.

ஒரு சாண் நீளத்தில் ஒரு துண்டு. ஒரு பக்கம் உருண்டு, மறுபக்கம் உடைந்து, நடுவே விரல் வைத்தால் பதிகிற ஒரு பள்ளம். மேலே மரவள்ளித் தோல் போன்ற வரிகள். மூன்று மொழியிலும் அட்டை இருந்தது. தமிழில் இப்படி எழுதியிருந்தது: நீர்யானை, முன்னங்கால் எலும்பின் பகுதி, மாணிக்கக் குழியொன்றில் கண்டெடுக்கப்பட்டது.

அவள் புருஷன் இப்படித்தான் வீட்டுக்கு வந்தார்.

தருமலிங்கம் தோட்டத்தில் பேர் போட்ட நிரந்தர ஆள்தான். ஆனால் வேலை வாரத்தில் நாலு நாளாகச் சுருங்கியதும் எல்லா ஆம்பளைகளையும் போல அவரும் மாணிக்கக் கல்லுக் குழிக்கு இறங்கினார். ஒரு அடைமழையில் குழியின் பக்கச் சுவர் சரிந்தது. மேலே நின்றவர்கள் தப்பித்தார்கள், கீழே நின்றவர் தப்பவில்லை. ஆறும் உடைத்துக்கொண்டு உள்ளே வந்ததால் குழி ஒரே நாளில் குளமாகிவிட்டது. முதலாளி பம்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டு வருஷம் கழித்துத்தான், தண்ணீர் வடிந்த ஒரு கோடையில், கூட வேலை செய்த நல்லையாவும் இன்னும் நாலு பேரும் பம்பு ஒன்றை இரவல் வாங்கி, தேடித் தோண்டினார்கள். கிடைத்தது இந்த மாதிரி ஒரு துண்டு.

கல்லுக் குழிக்குப் பெண்கள் போகக்கூடாது. போனால் கல் மறைந்துவிடும் என்பார்கள். அதனால் தங்கம்மா அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. யூரியா பையில் சுற்றி நல்லையா கொண்டுவந்து கொடுத்ததை வாங்கி, மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, வேட்டித் துணியில் கட்டி, தோட்டத்து மயானத்தில் புதைத்தாள். கனமாக இருந்தது. "மண்ணுல ஊறினதுல வீங்கிருக்கு" என்றார் ஒருவர். "ஆளும் தாட்டியான ஆளுதானே" என்றார் இன்னொருவர். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. தங்கம்மாவும், வாழ்க்கையில் அந்த ஒரு தடவை, கேட்கவில்லை.

"என்னா அண்ணி, சத்தத்தைக் காணோம்?"

"ஒண்ணுமில்ல. நீ அந்த பெஞ்சுல உக்காரு."

மியூசியத்தில் வேலை செய்யும் பெண் மூலையில் நின்று துடைப்பத்தால் மழைத்தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். தலையில் முக்காடு, கழுத்தில் பெயர் அட்டை: இஸ்ரா.

"தங்கச்சி, இது நெசமாவே நீர்யானைதானா?"

"ஓ, நெசம்தான் அக்கா. ஒரு காலத்துல இங்க ஆத்துல எல்லாம் இருந்திச்சு. காண்டாமிருகம், சிங்கம் எல்லாம். இப்ப ஒண்டுமில்ல."

"மனுசன் எலும்பு இப்பிடி ஆகாதா?"

இஸ்ரா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். இப்படி யாரும் கேட்டதில்லை போலும். "எத்தன வருசத்துல?"

"ரெண்டு."

"ரெண்டு வருசத்துல ஆகாதே அக்கா. இது ஆயிரக்கணக்கான வருசம் மண்ணுக்குள்ள கெடந்து, எலும்புக்குள்ள கல்லு ஊறிப்போனது. இங்க வாங்க, தொட்டுப் பாக்க ஒண்டு வச்சிருக்கம்."

மேசையில் உடைந்த துண்டு ஒன்று கிடந்தது. பிள்ளைகள் தொட்டுத் தொட்டு வழுவழுத்துப் போயிருந்தது. தங்கம்மா இரண்டு கையாலும் தூக்கினாள். கண்ணால் பார்த்ததில் ஏமாறலாம். ஆனால் முப்பது வருஷம் கொழுந்துக் கூடை தூக்கிய கைகள் நிறையை மறப்பதில்லை. மஞ்சள் தண்ணீரோடு அன்றைக்குக் கையில் இறங்கிய கனம் இதே கனம்தான்.

அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. கேள்விதான் வந்தது.

"அந்த வெள்ளைச் சுண்ணாம்பையும் எலும்பு நெறத்துலயே பூசியிருக்கலாம்ல? பாக்குறவனுக்குத் தெரியவா போகுது?"

"அப்பிடிச் செய்யக்கூடாது அக்கா. கெடைச்சது எது, நாங்க செஞ்சு வச்சது எதுண்டு பாக்குற ஆளுக்குத் தெரியணும்."

"செவுத்துல முழுசாக் கீறி வச்சிருக்கீங்களே?"

இஸ்ரா சிரித்துவிட்டாள். "அது பிள்ளைகளுக்கு. உண்மை பெட்டிக்குள்ளதான்."

*

பஸ்ஸில் கறுவா வாசமும் நனைந்த குடைகளும். தங்கம்மா எதையும் மறைக்கவில்லை. மறைத்துப் பழக்கமும் இல்லை.

மனோகரி கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும் கண்ணீரும் கண் மருந்தும் சேர்ந்து வடிந்தன.

"நீ என்னா பேசுற? எங்க அண்ணனை நீர்யானைங்குறியா?"

"உங்க அண்ணனை இல்லடி. நாம பொதைச்சதை."

"ஏழு வருசமா வெள்ளிக்கிழமை தவறாம வெளக்கு வச்சியே, யாருக்கு வச்ச?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

"யோசிக்காத. தோண்டிப் பாக்கணும்னு ஒனக்கு எண்ணம் இருக்கு. எனக்குத் தெரியும். தோண்டினா ஒன் வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்."

"ஒன் வீடும் என் வீடும் ஒரே லயத்து வரிசையில, ஒரே முத்தம். எந்த வாசலால போவ?"

முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். மனோகரி முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். 

ஞாயிற்றுக்கிழமை காலை தங்கம்மா அலவாங்குக் கடப்பாரையோடு மயானத்துக்குப் போனாள். புதைத்த இடத்தில் நட்டிருந்த சாமந்திச் செடியைத் தூரோடு பெயர்த்து ஓரமாக வைத்துவிட்டுத் தோண்டினாள். மண் இறுகிப் போயிருந்தது. இடுப்பு வலித்தது. கொஞ்ச நேரத்தில் பின்னால் மூச்சு வாங்கும் சத்தம். மனோகரி மண்வெட்டியோடு நின்றாள்.

"அலவாங்கு மட்டும் வச்சு என்னத்தைத் தோண்டுவ?" என்றாள். "தள்ளு."

வேட்டித் துணி நைந்து நூலாகியிருந்தது. எலும்பு அப்படியே இருந்தது. ஒரு சாண், ஒரு பக்கம் உருண்டை, நடுவே பள்ளம். மனோகரிக்குக் கண் இப்போது நன்றாகத் தெரிந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன் முழங்கையோடு வைத்துப் பார்த்தாள், தொடையோடு வைத்துப் பார்த்தாள். கடைசியில் பெருமூச்சு விட்டாள்.

"எங்க அண்ணன் காலு இம்புட்டு இருந்திருந்தா மண்ணு அவரை அமுக்கியிருக்காது" என்றாள்.

*

மியூசியத்தின் அதிகாரி சிங்களவர். இருவரும் கொண்டுபோன எலும்பை வெள்ளைத் துணியில் வைத்து, லென்ஸ் பிடித்துப் பார்த்தார். நீர்யானைதான் என்றார். தம்மிடம் இருப்பதைவிட நல்ல துண்டு என்றும் சொன்னார். தங்கம்மா சிங்களத்திலேயே தடங்கலில்லாமல் பேசினாள். இது வந்த கதையைச் சொன்னாள். அவர் லென்ஸைக் கீழே வைத்தார். 

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். இதை இங்கே தர முடியுமா? தராவிட்டாலும் குற்றமில்லை, கொண்டுபோய்த் திரும்பப் புதைக்கலாம்.

மனோகரி அண்ணியின் முகத்தைப் பார்த்தாள்.

"தர்றேன்" என்றாள் தங்கம்மா. "அவரு இல்லாததை அவருன்னு சொல்லி நான் வச்சிருக்கக்கூடாது."

அதிகாரி அட்டை எழுத எடுத்தார். எந்தக் குழி? எந்த ஊர்? எவ்வளவு ஆழம்? எந்த மண்ணில்?

தங்கம்மாவுக்கு எதுவும் தெரியாது. புருஷன் செத்த இடம் அவளுக்கு வெறும் பேச்சு. நல்லையா கையை நீட்டிக் காட்டிய திசை. அவ்வளவுதான்.

"எடம் தெரியாட்டி எலும்புக்குப் பாதி மதிப்புத்தான் அக்கா" என்றாள் இஸ்ரா மெதுவாக. "போய்ப் பாத்திட்டு எனக்கு ஃபோன்ல கோல் எடுங்க. நான் எழுதுறன்."

*

"பொம்பளைங்க அங்க வரப்படாது, தங்கம்மா" என்றார் நல்லையா. மாணிக்கக் குழியிலேயே வயசாகிப்போன மனுஷன். சேறு ஊறிய கால் நகங்கள் கறுத்திருந்தன.

"ஏன், கல்லு ஓடிப்போயிருமா?"

"வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல."

"குழி இருக்கா இப்ப?"

"மூடியாச்சு. வாழை போட்டிருக்கான்."

"அப்ப வாழைத் தோட்டத்துக்குத்தானே வர்றோம். வாங்கண்ணே."

நல்லையா துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். எலும்பு நீர்யானையுடையது என்று தெரிந்த நாளிலிருந்து அவர் இவர்கள் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்துக்கொண்டிருந்தார். "நான் தெரிஞ்சு கொண்டாரலம்மா" என்று மட்டும் நடக்கும்போது ஒரு தடவை சொன்னார்.

"ஏமாத்துற ஆளா இருந்தா நீங்க ஏன் ரெண்டு வருசம் கழிச்சும் தோண்டப்போறீங்க? வேற யாரு தோண்டினா?" என்றாள் தங்கம்மா. அவர் தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ரப்பர் மரங்களைத் தாண்டி, வயல் வரப்பில் இறங்கி, ஓடையைக் கடந்ததும் வாழைகள். சாதாரண இடம். ஒரு கொடி கட்டவும் ஆளில்லாத, யாரும் திரும்பிப் பார்க்காத இடம். மனோகரிக்கு ஏமாற்றமாக இருந்தது. இத்தனை வருஷமாக மனசுக்குள் பெரிய பள்ளம் ஒன்றை வைத்திருந்தாள். இங்கே தரை மட்டமாகக் கிடந்தது. வாழைக்கன்றுகளுக்கு இடையில் கோழிகள் மேய்ந்தன.

தங்கம்மா நின்று பார்க்கவில்லை. வேலையில் இறங்கினாள்.

"குழி வாய் எதுவரைக்கும்?"

நல்லையா நடந்து காட்டினார். இந்த வாழையிலிருந்து அந்த வாழைவரை.

"ஆழம்?"

"ஒருத்தர் மேல ஒருத்தரா ஏழு ஆள் நின்னா வரும். மேல களிமண்ணு. அதுக்குக் கீழ மணல். அதுக்கும் கீழ கல்லு கெடைக்கிற சரளை. எலும்பு கெடைச்சது அந்தச் சரளையில."

"அவரு?"

நல்லையா கொஞ்சம் தயங்கினார். பிறகு ஒரு வாழையின் அடியில் போய்க் குனிந்து கையை வைத்தார். "இங்கனதான். ஏணி இந்தப் பக்கம் இருந்துச்சு. அவரு அந்தப் பக்கம் கூடைக்கு மண்ணு அள்ளிக்கிட்டு இருந்தாரு. என்னைப் பாத்து 'மேல ஏறு'ன்னு கத்தினாரு. நான் ஏறிட்டேன்."

அந்த விஷயம் இதுவரை யாருக்கும் தெரியாது.  மனோகரி வாழையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

தங்கம்மா அந்த இடத்திலேயே, பெண்கள் வரக்கூடாது என்ற அந்த மண்ணில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். ஈரம் காலில் ஏறியது. ஆயிரக்கணக்கான வருஷமாக நீர்யானை. ஒன்பது வருஷமாக இவர். இரண்டு பேரும் ஒரே மண்ணில் இறங்கியவர்கள். அது மேலே வந்துவிட்டது, அவர் இன்னும் அடியிலேயேதான் இருக்கிறார். அவளுக்கு அவரில் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. மிச்சம் எல்லாம் வெள்ளை.

ஃபோனை எடுத்து இஸ்ராவை அழைத்தாள். ஊர், ஓடை, ஆழம், சரளை மண் என்று நல்லையா சொன்னதை வரிசையாகச் சொன்னாள். அந்தப் பக்கம் பேனா ஓடுவது கேட்டது.

"கண்டெடுத்தவங்கட பேர் இடத்துல என்ன போடட்டும் அக்கா? மத்ததுல எல்லாம் மாணிக்கக் குழித் தொழிலாளர்ண்டுதான் இருக்கு."

"நல்லையான்னு போடு. கூட நின்ன நாலு பேரு பேரும் சொல்றேன், எழுது. அப்புறம் இன்னொரு வரி போடணும்."

"சொல்லுங்க."

"தருமலிங்கத்தைத் தேடித் தோண்டினப்போ கெடைச்சதுன்னு."

பேனா நின்றது. "ஐயாவக் கேட்டுப் பாக்குறன் அக்கா. மனுசன்ட பேர் போட்ட அட்டை எங்ககிட்ட இல்ல."

"கேளு. செவுத்துல கீறின அந்தப் படத்தைவிட இது நெசம்னு சொல்லு."

ஃபோனை மடியில் செருகினாள். மனோகரி எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். நல்லையா ஏணி இருந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார், மேலே ஏறிய ஆள்.

"அண்ணே" என்றாள் தங்கம்மா. "வெள்ளிக்கிழமை வெளக்கோட வருவோம். வாழைக்காரன்கிட்ட சொல்லி வைங்க."