தண்ணீரை மாற்றினீர்களா?

அந்தப் பெரிய செல்லப்பிராணிக் கடையின் கடைசி வரிசையில், நாய்த்தீனி மூட்டைகளைத் தாண்டி, நாற்பது மீன் தொட்டிகள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டவளுக்குக் கடையில் மீனக்கா என்றுதான் பெயர். காலையில் கதவு திறக்கும் முன் சின்ன வலையோடு தொட்டி தொட்டியாகப் போய்ச் செத்ததைப் பொறுக்குவாள். வாங்க வருபவர் கண்ணில் ஒன்றுகூடப் படக் கூடாது என்பது மேனேஜர் உத்தரவு.

எல்லாத் தொட்டிக்கும் ஒரே மோட்டார், சுற்றிச் சுற்றி ஒரே தண்ணீர். ஒன்றில் நோய் வந்தால் மற்றதும் தப்பாது. ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும் என்று தனித்தனியே அடைத்த ஃபைட்டர் மீன்களின் கதி அதைவிடக் கேவலம். டீ கப் அளவு டப்பாவில், தன் கழிவிலேயே, திரும்பக்கூட இடமில்லாமல் கிடந்தன. மருந்து கேட்டு மீனக்கா மூன்று தடவை எழுதிக் கொடுத்தாள். "பாக்கலாம்" என்றார் மேனேஜர். பார்த்தபாடில்லை.

செத்த மீனோடு யாராவது திரும்பி வந்தால் என்ன கேட்க வேண்டும் என்றும் அவரே சொல்லிக் கொடுத்திருந்தார். "தண்ணிய சரியா மாத்தினீங்களா?" அவ்வளவுதான். வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வேறு மீன் வாங்கிப் போவார்கள். ஒன்றரை வருடமாக மீனக்கா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் ஒரு பஸ் டிரைவர் சீருடையோடு வந்து நின்றார். கையிலிருந்த பையில் செத்த தங்கமீன்.

"இது மூணாவதும்மா. என் பொண்ணு அளவு பாத்துதான் தண்ணி மாத்துறா, நோட்டுல வேற எழுதி வெக்கிறா. ரெண்டு நாளா சாப்பிடல. நான்தான்ப்பா கொன்னுட்டேன்னு ஒரே அழுகை."

மீன் உடம்பெல்லாம் உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளி. அது இருந்த தொட்டியிலிருந்து அன்று காலைதான் ஒன்பதை அள்ளிப் போட்டிருந்தாள். வழக்கமான கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. தன் மேலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க பொண்ணு கொல்லல. இங்கேருந்தே நோயோடதான் வந்துச்சு. தெரிஞ்சேதான் வித்தேன்."

டிரைவர் அவளை முறைத்தார். ஏதோ திட்ட வாயெடுத்து, அதை விழுங்கிக்கொண்டு, வீட்டுக்கு போன் போட்டு நீட்டினார். "அவகிட்டயே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா."

"கண்ணு, தப்பு உன்மேல இல்ல. கடைமேல. என்மேல."

"அப்போ ஏன் வித்தீங்க?" என்றது குழந்தை.

மீனக்கா போனைக் கொடுத்துவிட்டு, தடித்த பேனாவால் 'நோய் உள்ளது, வாங்காதீர்கள்' என்று காகிதம் காகிதமாக எழுதித் தொட்டிகளில் ஒட்ட ஆரம்பித்தாள். மேனேஜர் ஓடி வந்து பின்னாலேயே கிழித்தார்.

"ஏம்மா, புத்தி பேதலிச்சுப் போச்சா? செத்தா வேற வரப்போகுது. மீனுக்குப் போயா இவ்வளவு ரகளை?"

அவள் ஒரு ஃபைட்டர் டப்பாவை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். மஞ்சளாகிப்போன தண்ணீர் தளும்பியது.

"மூடிய தொறந்து மோந்து பாருங்க சார்! உங்களால ஒரு நிமிஷம் தாங்க முடியாது. இது மூணு வாரமா இதுலதான் மூச்சு விடுது!"

மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டிரைவர் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

மாலைக்குள் மீனக்காவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். டிரைவர் கொடுத்த புகாரால் பத்து நாள் கழித்து விலங்கு நல அதிகாரிகள் இருவர் வந்து, அந்தக் கடையில் மீன் விற்பதற்குத் தடை போட்டார்கள். அன்று அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் கடையின் பில் போடும் பெண் போன் செய்தாள். "அக்கா, மிச்ச மீனையெல்லாம் வேன்ல ஏத்தி, ஆத்துக்கு அந்தாண்ட இருக்கிற நம்ம இன்னொரு கடைக்கு அனுப்பிட்டாங்க."

மீனக்கா கெட்ட வார்த்தை ஒன்றைச் சத்தமாகவே சொன்னாள். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறி, அந்தக் கடை வாசலில் போய் நின்றாள்.

"இங்க நிக்கக் கூடாதும்மா" என்றார் காவலாளி.

"இது பொதுச் சாலை. முடிஞ்சா தூக்கிட்டுப் போங்க" என்றவள், மீன் பையோடு வெளியே வந்த முதல் ஆளை வழிமறித்துப் பேச ஆரம்பித்தாள்.