சிகப்பி ஆச்சியின் புல்தரையில் மூவாயிரம் துளைகள்

1

மண்ணின் மூச்சுக்குச் சதுர அடி நான்கு ரூபாய் என்று ஒரு விலைப்பட்டியலில் பார்த்தேன். கோல்ஃப் புல்தரையில் துளை போடும் கூலி அது. மூன்றரைக்கு முடிக்கலாமே என்று மனம் பேரம் பேசிய நிமிடத்தில் இந்தக் கதை பிறந்துவிட்டது.

2

முதல் வரி: ‘கானாடுகாத்தானில் பொழுது புலர்ந்தபோது பனித்துளிகள்...’

வேண்டாம். பனித்துளியை யாரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள்.

ஈஸ்வரியிலிருந்து தொடங்குகிறேன். பழைய வீட்டை ஹோட்டலாக்கிய சிகப்பி ஆச்சி, பின்கட்டுக்கு அப்பால் போட்ட சின்னக் கோல்ஃப் திடலுக்கு அவள்தான் பொறுப்பு. (ஆச்சி என்றதும் நரைத்த தலையைத் தேடாதீர்கள். வயது நாற்பது, கையில் இரண்டு போன்.) ஆட்கள் மிதித்து மிதித்து மண் இறுகி, தண்ணீர் இறங்காமல், புல் பழுத்துக் கிடந்தது. பதினைந்தாம் நாள் சென்னையிலிருந்து ஆட்டக்காரர்கள் வருகிறார்கள். அதற்குள் பச்சை திரும்பாவிட்டால் வேலையை விட்டுவிடுவதாக ஈஸ்வரி வாக்குக் கொடுத்திருந்தாள். குழாய்முனை வைத்த கருவியைக் காலால் அழுத்தி, மிதிக்கு ஒரு துளையாக, விரல் நீள மண்கட்டிகளைப் பிடுங்கிப் போட்டாள். பொழுது சாயும்வரை அதே வேலை.

3

மறுநாள் வந்து பார்த்தால் ஒரு துளையையும் காணோம்.

குனிந்தால் முகம் தெரியும்படி பளபளக்காத தரையைத் தரையென்றே ஒப்புக்கொள்ளாத வீட்டில் வளர்ந்தவர் ஆச்சி. மண்கட்டிகளைக் கூட்டி அள்ளச் சொல்லி, கல் உருளையை ஓட்டி, வழவழவென்று அமுக்க வைத்திருந்தார்.

“அம்மைத் தழும்பாட்டம் கெடந்துச்சு ஈஸ்வரி. விருந்தாளி வர்ற இடமில்லையா?”

“தரைக்கு மூச்சு வேணாம் ஆச்சி. புல்லுக்கு வேணும். நீங்க மூக்கைப் பொத்திட்டீக.”

இந்த இடத்தில் ஈஸ்வரி கண்கலங்கி...

இல்லை, கலங்கமாட்டாள். அவளை எனக்குத் தெரியும், நான்தானே எழுதுகிறேன். கருவியை ஆச்சி பக்கம் நீட்டி, நீங்களே ஒரு மிதி மிதித்துப் பாருங்கள் என்றாள்.

ஆச்சி மிதித்தார். இறங்கவில்லை. போன் இரண்டையும் ஈஸ்வரியிடம் கொடுத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகி, இரு காலாலும் ஏறி நின்றார். அப்போதுதான் இறங்கியது.

“இம்புட்டு இறுகியா கெடக்கு?” என்றார், மெதுவாக.

4

பச்சை வந்த முடிவு ஒன்றும் வராத முடிவு ஒன்றும் எழுதி, இரண்டையும் கிழித்துவிட்டேன். இன்னும் பதினான்கு நாள் இருக்கிறது. எந்த முடிவு தகையுமோ அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என் பங்குக்குக் கணக்கு மட்டும்:

போட வேண்டிய துளை மூவாயிரம். ஈஸ்வரி போட்டது ஆயிரத்து எண்ணூறு. உருளை மூடியது அத்தனையும். ஆச்சி போட்டது ஒன்று.

பாக்கி, இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.