எட்டு நாள் மெஷின்

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற எல்லப்பன் ஹார்டுவேர் கடைக்குப் பரிமளா அந்த வாரத்தில் மூன்றாம் முறையாகப் போனாள். ஒரு புடவை வாங்கக்கூட இத்தனை நடை நடந்தவள் இல்லை. நாளெல்லாம் பட்டு நெய்கிறவளுக்குப் புடவைக் கடையில் என்ன வேலை என்பாள். ஆனால் ஆணி அடிக்கிற மெஷின் ஒன்றுக்காக முள்ளிப்பட்டிலிருந்து பஸ் ஏறி ஏறி வந்துகொண்டிருந்தாள். என்ன செய்வது, ஆசை யாரை விட்டது!

"வாங்கம்மா. உங்களுக்காவ வேலூர்லேர்ந்து மூணு பீஸ் வரவழைச்சி வெச்சிருக்கேன். இன்னிக்காவது ஒரு முடிவு பண்ணுங்க" என்றார் எல்லப்பன். "ஒரு ரூமு கட்டறதுக்கு நல்ல சுத்தியலு போதாதா? எதுக்கு இம்மாம் பெரிய நெயில் கன்னு?"

"சுத்தியல்ல அடிச்சா தறி ஆடுதுங்க" என்றாள் பரிமளா. "மாடியில ரூமு, நேர் கீழ தறி. பக்கத்து வூட்டு தனகோடி அக்கா தறி வேற நடுச்செவத்த ஒட்டி கீது. நாலு அடிக்கு ஒரு இழை அறுந்தா யாரு முடியறது?"

அது பொய்யில்லை. தனகோடியிடமும் இதைத்தான் சொல்லியிருந்தாள், மகள் கீதாவிடமும் இதைத்தான். ஆனால் உண்மையான காரணம் வேறு. அதை ஹார்டுவேர் கடையில் நின்று சொல்ல முடியுமா?

அவள் வீடு ஒரே கூடம். பாதியைத் தறி எடுத்துக்கொண்டது. மீதியில் பீரோ, பாத்திரம், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற கீதா, அவள் புத்தகங்கள், கடைசியாகப் பரிமளா. புருஷன் பரசுராமன் மஸ்கட்டில் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற ஷட்டரிங் கார்பென்டர். போய் ஏழு வருஷம் ஆகிறது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முப்பது நாள் லீவு. போன தடவை வந்தபோது பகலெல்லாம் உறவுக்காரர்கள், பொழுது சாய்ந்தால் கீதாவின் படிப்பு. மனம்விட்டு நாலு வார்த்தை பேச அந்த வீட்டில் ஒரு கதவு கிடையாது. முப்பது நாளும் புருஷனும் பெண்டாட்டியும் தண்ணீர் மோட்டார் ரிப்பேரைப் பற்றியே பேசித் தீர்த்தார்கள். ஏர்போர்ட்டுக்குப் போகிற காரில் அவன் அவள் கையைப் பிடித்தான். டிரைவர் கண்ணாடியில் பார்க்கிறான் என்று அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அப்படி இழுத்துக்கொண்டதற்காக இரண்டு வருஷமாகத் தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறாள்.

அதனால்தான் மாடியில் அறை. கதவு வைத்த அறை. கனமான மரச் சட்டம் நிறுத்தி, சிமெண்ட் போர்டு அடித்து, மேலே ஷீட் போடுவது என்று பரசுராமன் போனிலேயே பிளான் சொல்லிவிட்டான். மரமும் வந்து மொட்டை மாடியில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. வெளி ஆள் வேண்டாம், நானே வந்து கட்டுகிறேன் என்றான். மொத்தம் இரண்டாயிரத்து நானூறு ஆணி, சுத்தியல் என்றால் பதினெட்டு நாள் ஆகும் என்றும் சொன்னான்.

பதினெட்டு நாளா! பரிமளா அன்று தறியில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். முப்பதில் பதினெட்டு போனால் பன்னிரண்டு. சொந்தக்காரர் வீடு, படவேடு கோயில் என்று நாலு நாள் போய்விடும். மிச்சம் எட்டு. இரண்டு வருஷம் காத்துக் கிடந்தவளுக்கு வெறும் எட்டு நாள்! அப்போதுதான் அவன் வேலை செய்கிற இடத்திலிருந்து வீடியோவில் காட்டிய மெஷின் ஞாபகம் வந்தது. மரத்தில் வைத்து விசையை அழுத்தினால் டக்கென்று ஒரே அடி, ஆணி உள்ளே. அதை வாங்கியே தீருவது என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள்.

எல்லப்பன் முதல் மெஷினை எடுத்துக் கல்லாமேசை மேல் வைத்தார். கைக்கு அடக்கமாக, பார்க்க அழகாக இருந்தது. "இது லேசு. பிளைவுட்டு, பீடிங்கு, போட்டோ பிரேமு, எல்லாத்துக்கும் பேஷா வேலை செய்யும்" என்று ஒரு தடித்த மரத் துண்டில் அடித்தார். ஆணி பாதி போய் நின்றது, தலை வெளியே நீட்டிக்கொண்டு.

"மீதிய சுத்தியல்ல அடிக்கணுமா?"

"ஆமாம்மா. கனத்த மரத்துக்கு இது தாங்காது."

பரிமளா அதை ஒதுக்கினாள். இரண்டாவது பலமான மெஷின். பேட்டரியும் வேண்டும், வயிற்றுக்குள் ஒரு சின்ன கேஸ் டப்பாவும் போட வேண்டும். முழு ஆணியையும் ஒரே அடியில் இறக்கிவிட்டது. பரிமளாவின் முகம் மலர்ந்தது.

"கேஸு தீந்துபோனா?"

"மெட்ராஸ்லேர்ந்து வரணும். ரெண்டு நாளு, மிஞ்சிப்போனா மூணு நாளு."

மூணு நாளா? அவள் மூன்று நாளை மெட்ராஸ் லாரிக்காரனுக்குத் தூக்கிக் கொடுக்க வரவில்லை. "வேணாங்க, எடுத்து வையுங்க" என்று தள்ளிவிட்டாள். எல்லப்பனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. விலை கேட்காத, கேரண்டி கேட்காத, எதைக் காட்டினாலும் எத்தனை நாள் என்று கேட்கிற கஸ்டமரை அவர் இப்போதுதான் பார்க்கிறார்.

மூன்றாவது வெறும் பேட்டரியில் ஓடுவது. நாலு கிலோ கனம். எல்லப்பன் கடை பேட்டரியை மாட்டி, கண்ணில் தூசி படாமல் போட்டுக்கொள்ளக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்து, "நீங்களே அடிச்சிப் பாருங்க. மெஷின் மூக்க மரத்து மேல நல்லா அமுத்தினாத்தான் ஆணி வரும், இல்லன்னா வராது" என்றார். நாளெல்லாம் தறி அடித்த கைக்கு நாலு கிலோ ஒரு கனமா? அமுக்கினாள், விசையை இழுத்தாள். டக். மூன்றங்குல ஆணி தலை மட்டத்துக்கு இறங்கியிருந்தது. தடவிப் பார்த்தாள், விரலில் தட்டவில்லை.

"ஒரு சார்ஜுக்கு நானூறு ஆணிக்குக் குறையாது. ரெண்டு பேட்டரி இருந்தா ஒண்ணு ஓடிகினு இருக்கும்போதே இன்னொண்ணு சார்ஜ் ஏறிகினு இருக்கும்" என்றார் எல்லப்பன்.

"வேலை நிக்கவே வேணாம்ல?"

"நிக்கவே வேணாம்மா."

அங்கிருந்தே பரசுராமனுக்கு வீடியோ கால் போட்டாள். மஞ்சள் ஹெல்மெட்டோடு, வெயிலில் கறுத்த முகம் திரையில் வந்தது. மெஷினைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

"அதான் சரியான மாலு" என்றான் அவன். "எங்கிட்ட அதே கம்பெனி டிரில்லு கீது. அதோட பேட்டரி ரெண்டும் இதுக்குச் சேரும். நீ வெறும் மெஷின மட்டும் வாங்கு. பேட்டரிய நான் வரும்போது எடுத்தாறேன்."

"இத்தால அடிச்சா எத்தினி நாளுங்க?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "எட்டு நாள்ல முடிச்சிருவேன்."

முப்பதில் எட்டும் நாலும் போனால் பதினெட்டு. முழுசாகப் பதினெட்டு நாள்! பரிமளாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இன்னாம்மா, லாட்டரி வுழுந்த மாரி சிரிக்கிறீங்க?" என்றார் எல்லப்பன்.

"தறி ஆடாதுல்ல, அதாங்க" என்றாள்.

எதற்கும் ஒரு பேட்டரி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் கேட்டபோது வேண்டவே வேண்டாம் என்றுவிட்டாள். பேட்டரி வருகிறது என்றால் ஆளும் வருகிறான். அதைக் கடையில் வாங்குவானேன்?

மெஷின் ஆணிப் பெட்டிகளோடு பீரோ மேல் ஏறியது. கீதா பள்ளிக்குப் போன பிறகு சில நாள் அதை இறக்கிப் பார்ப்பாள். பேட்டரி மாட்டுகிற இடம் வெறுமையாக இருக்கும். அதில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று வெட்கப்பட்டு மறுபடி மேலே வைத்துவிடுவாள். நாற்பது வயதை எட்டிப் பிடிக்கப் போகிறவளுக்கு வருகிற வெட்கமா அது!

நூலும் கூலியும் கொடுக்கிற மாஸ்டர் வீவர் அன்பரசு, தறியில் ஏற்ற அடுத்த பாவு நூலோடு வந்தார். அவரிடம் ஒரு மாசம் கழித்து வாங்கிக்கொள்கிறேன் என்றாள். "காலித் தறி வெச்சினு இன்னாம்மா பண்ணுவ?" என்று கேட்டார். "அவரு வராருங்க" என்றாள். அன்பரசு சிரித்துக்கொண்டே போனார். தறியிலிருந்த கடைசிப் புடவையை அவன் வருகிற வியாழக்கிழமைக்கு முந்தின நாள் சரியாக அறுத்தெடுத்தாள்.

கடைசி இரண்டு நாளும் பரசுராமன் போனில் சரியாகப் பேசவில்லை. ஹலோ என்பான், சாப்பிட்டாயா என்பான், வைத்துவிடுவான். பெட்டி கட்டுகிற அலைச்சல் என்று அவளே காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. பரிமளா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். தோளில் பையோடு இறங்கியது யாரோ ஒரு ஆள். அவன் இறங்கியதும் ஆட்டோ திரும்பிப் போய்விட்டது. ஆட்டோ போன பிறகும் அவள் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, நான் அருள்தாஸு. சேத்துப்பட்டு. மஸ்கட்ல அண்ணனும் நானும் ஒரே ரூமு, ஒரே வேலை" என்றான் அவன். "அண்ணனுக்கு லீவு கேன்சல் ஆயிடுச்சி அண்ணி. பில்டிங்க முடிச்சிக் குடுக்கற வரைக்கும் யாரும் போவக் கூடாதுன்னுட்டாங்க. இனிமே அடுத்த வருசந்தான். ஒங்களுக்குச் சொல்ல அவுருக்கு வாய் வரல."

பையைத் திறந்தான். நீலக் கட்டம் போட்ட ஒரு துண்டு. பரசுராமன் போன தடவை எடுத்துக்கொண்டு போன துண்டு. பிரித்தால் உள்ளே இரண்டு பேட்டரியும் சார்ஜரும்.

"பேட்டரிய ஏன் கையில எடுத்தாறேன்னு ஏர்போர்ட்ல வேற பேஜாரு பண்ணிட்டானுங்க" என்று அருள்தாஸ் சிரிக்கப் பார்த்தான். "அண்ணன் சொல்லித்தான் அனுப்புனாரு. எனக்கு ஒரு மாசம் லீவு கீது. எட்டே நாளு, உங்க ரூம நான் எழுப்பிக் குடுத்துட்டுத்தான் போவேன். மெஷினு எங்க அண்ணி?"

பரிமளா பீரோவைக் காட்டினாள். காபி போட அடுப்படிக்குப் போனாள். பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. மேலே மரம் இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு டக் என்று ஒரு அடி.

அந்த ஒரு அடி நெஞ்சில் வந்து விழுந்தது. அடுப்பை அணைத்துவிட்டு மாடிப்படி ஏறினாள். அருள்தாஸ் இரண்டு சட்டங்களைச் சேர்த்து முதல் ஆணியை இறக்கியிருந்தான். நல்ல வேலைக்காரன்தான், ஒரு குறை சொல்ல முடியாது.

"போதும் தம்பி. நிறுத்து" என்றாள்.

அவன் மெஷினைக் கீழே வைத்தான். அவள் போனை எடுத்து மஸ்கட்டுக்குப் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"கோவமா பரிமளா?" என்றான் பரசுராமன். "நீ நாள எண்ணிகினு இருந்தது எனக்குத் தெரியாதா? தறி ஆடுதுன்னு ஊருக்குச் சொல்லலாம், எங்கிட்டயுமா? அதான் அருள்தாஸ அனுப்புனேன். ரூமு ரெடியா இருந்தா, அடுத்த வருசம் வரும்போது முப்பது நாளும் நம்மளுதுதானே?"

அவன் சொன்னது நியாயம். அவள் போட்ட கணக்கையேதான் அவன் இன்னும் சுத்தமாகப் போட்டிருக்கிறான். ஆனால் அந்த ஒரு டக் சத்தத்தில் பரிமளாவுக்குத் தன் கணக்கு எங்கே தப்பு என்று தெரிந்துவிட்டிருந்தது. கட்டுகிற நாளையெல்லாம் வேறு யாருடைய நாளோ என்பதுபோல அவள் கழித்துக்கொண்டே வந்திருக்கிறாள். பரசுராமன் இந்த மாடியில் பனியனோடு நிற்பான். பரிமளா, தண்ணி குடு என்று கத்துவான். பலகையின் ஒரு முனையை அவன் பிடிப்பான், மறு முனையை அவள் பிடிப்பாள், ஒழுங்கா புடி என்று திட்டுவான். அதெல்லாம் அவன் வீட்டில் இருக்கிற நாள் இல்லையா?

"நான் தப்பா எண்ணிட்டேங்க" என்றாள். அருள்தாஸ் இருக்கிறானே என்றுகூடப் பார்க்கவில்லை. "எனக்கு அந்த எட்டு நாளும் வேணும். பேட்டரிய இவுருகிட்டயே குடுத்தனுப்பறேன். எடுத்துகினு நீங்க வாங்க."

"ஒரு வருசம் மெஷினு சும்மா கெடக்குமே பரிமளா?"

"நானுந்தான் கெடக்கறேன்."

லைன் போய்விட்டதோ என்று அவள் திரையைப் பார்த்தாள். போகவில்லை. அருள்தாஸ் ஓசைப்படாமல் பேட்டரியைக் கழற்றி அந்த நீலத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தான்.

பரசுராமன் கேட்டான். "வூட்ல பழைய சுத்தியலு ஒண்ணு கெடக்குதா?"

"கீது. எதுக்கு?"

"நெயில் கன்னும் வேணாம், ஒண்ணும் வேணாம். வந்து அதாலயே அடிக்கிறேன். பதினெட்டு நாளு ஆவட்டும்." என்றான். "தறி ஆடுமே, பரவாயில்லியா?"

பரிமளா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆடட்டும்" என்றாள். "இழை அறுந்தா நான் முடிஞ்சிக்கிறேன்."