பென்சில் தீட்டிய இடம்

லோர்னாவின் பையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடத்தான் போனேன். நூலகத்தின் அடித்தளத்தில் வியாழக்கிழமை மதியங்களில் நடக்கும் அச்சு ஓவிய வகுப்பு. என் மனைவி மூன்று வாரம் போனாள். நான்காவது வாரத்துக்குள் அவளுடைய இதயம் நின்றுவிட்டது. ஆசிரியை டெஸ் பையோடு, செதுக்கி அச்செடுக்கிற ஒரு லினோ பலகையையும் என் கையில் வைத்தாள். புத்தக அளவு, சாம்பல் நிறம், ரப்பர் போல மெத்தென்று இருந்தது. லோர்னா அதில் பாதி செதுக்கியிருந்தாள். ஏரி, கப்பல் துறையின் கல்சுவர், இரண்டு நீர்ப்பறவைகள், தொப்பையோடு ஒரு கிழவன். கிழவனை எனக்குத் தெரியும். தினமும் காலையில் கண்ணாடியில் அவனுக்குத்தான் சவரம் செய்துவிடுகிறேன்.

கிழவனுக்குப் பக்கத்தில் ஒரு பெண். அவள் மேல் இன்னும் உளி படவில்லை. மேலங்கியும் கம்பளித் தொப்பியுமாக வரைந்து, உள்ளே முழுக்கப் பென்சிலால் கறுப்பாகத் தீட்டியிருந்தது.

லோர்னா எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை. ஆறிப்போன காப்பியைக்கூடக் குடித்து முடிப்பாள். இதையாவது அவளுக்காக நான் முடித்துக்கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. குளிர்அங்கியைக்கூடக் கழற்றாமல் அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

“யோவ் ரெய்னோ, உளியப் புடிக்கிற லட்சணத்தப் பாரு. உருளக்கிழங்கு தோலா உரிக்கிற?” என்றாள் பக்கத்து நாற்காலி பெர்னிஸ். வீடு வீடாகத் தபால் கொடுத்து ஓய்வுபெற்றவள். ஊரில் எல்லா நாய்களையும் திட்டிப் பழகிய வாய்.

“கப்பல்ல வாழ்நாள் பூரா உரிச்சவன். ஒரு கிழங்கும் இதுவரைக்கும் கொறை சொன்னதில்ல.”

அன்றும் அடுத்த வியாழனும் தலை நிமிராமல் செதுக்கினேன். பென்சில் தீட்டிய இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஓரம் பிசகாமல் தோண்டி எடுத்தேன். டெஸ் எட்டிப் பார்க்க வந்தபோதெல்லாம் கையால் மறைத்துக்கொண்டேன். ஆறுதலாக ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று பயம். அவள் சொன்னால் நான் அழுவேன். அப்புறம் பெர்னிஸ் முகத்தில் எப்படி விழிப்பது?

அதற்கடுத்த வியாழக்கிழமை டெஸ் மை உருளையோடு வந்தாள். பலகையைப் பார்த்தவள் உருளையைக் கீழே வைத்துவிட்டாள்.

“ரெய்னோ... பென்சில் தீட்டின இடத்தயா வெட்டினீங்க?”

“குறி போட்டிருந்துச்சே. குறி போட்ட எடத்துலதான வெட்டுவாங்க?”

“இங்க அப்படி இல்ல. வெட்டினா அது வெள்ளையாயிரும். வெட்டாம விட்டதுலதான் மை ஒட்டும். லோர்னா...” நிறுத்தினாள். “விட்டு வைக்கணும்னுதான் தீட்டினாங்க.”

பெர்னிஸ் கிண்டல் செய்யவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

இருந்தாலும் மை தடவி, தாளைப் போட்டு, மரக்கரண்டியின் முதுகால் தேய்த்து எடுத்தோம். கறுப்பாகக் கிழவன். அவன் பக்கத்தில் பெண் அளவுக்கு ஒரு வெள்ளை. பலகையில் என் வலப்பக்கம் நின்றவள் தாளில் இடப்பக்கம் வந்திருந்தாள். கப்பலில் சமையலறையை ஒட்டியிருந்த எஞ்சின் இரைச்சலில் என் வலக்காது போய் வெகுகாலம் ஆகிறது. லோர்னா எப்போதும் எனக்குக் காது கேட்கும் இடப்பக்கமாகத்தான் நடப்பாள். அச்சில் இடம் மாறும் என்று கணக்குப் போட்டு வரைந்திருக்கிறாள். அப்படிப்பட்டவளைத்தான் நான் ஓரம் பிசகாமல் தோண்டி எடுத்திருக்கிறேன்.

“வேற பலக நான் வாங்கித் தர்றேன்யா,” என்றாள் பெர்னிஸ், தரையைப் பார்த்து. “புதுசா வரஞ்சுக்கலாம்.”

“அவ வரையணுமே, பெர்னிஸ்.”

அந்த வெள்ளை முழுவதும் வெள்ளையாக இல்லை. தோள் இருந்த இடத்திலும் தொப்பியின் ஓரத்திலும் மயிரிழை போல இரண்டு மூன்று கறுப்புக் கோடுகள்.

“அது உளி விட்டுப்போன மேடு,” என்றாள் டெஸ். “இன்னும் கொஞ்சம் சுரண்டினா சுத்தமா போயிரும்.”

உளியை எடுத்து நீட்டினாள். நான் வாங்கவில்லை.

“அழுத்தித் தேச்சா?”

“கோடு கொஞ்சம் கூடும். தாள் கிழிஞ்சாலும் கிழியும்.”

மறுபடி மை தடவி, புதுத் தாளைப் போட்டுக் கரண்டியை எடுத்தேன். ஏரியையும் கிழவனையும் அவசரமாகத் தேய்த்து முடித்தேன். பிறகு அந்தப் பள்ளத்துக்கு வந்தேன். அங்கே தாள் என் விரலுக்கு மெல்ல அமுங்கியது. கரண்டியை வைத்துவிட்டுக் கட்டைவிரலால் தோளைத் தேய்த்தேன், பிறகு முதுகை, பிறகு தொப்பிக்குக் கீழே முகம் இருக்க வேண்டிய இடத்தை.

“எடுத்துப் பாக்கலாமா?” என்றாள் டெஸ்.

“இரும்மா,” என்றேன். விரலுக்கடியில் தாள் லேசாகச் சூடேறியிருந்தது.