மினுக்கிய சேட்டு

கொம்யூன் என்கிற டென்மார்க் நகரசபை அலுவலகத்தில் எனக்குப் பத்தரைக்குச் சந்திப்பு. ஒன்பது மணிக்கே அம்மா என் வெள்ளைச் சேட்டை மினுக்கி முடித்து, இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து கதவடியில் நின்றார்.

"தாடியை வழி. மனுசர் மாதிரிப் போவம்."

"அம்மா, நான் வருத்தக்காரன் எண்டு சொல்லத்தான் போறன்."

"சொல்லு. அதுக்கு ஏன் வருத்தக்காரன் மாதிரிப் போகவேணும்?"

குளியலறைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டுதான் வழித்தேன். அதன் பூட்டில் இருந்த சாவி, அந்தத் திறப்பு, மாசி மாதத்திலிருந்து இல்லை. நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அப்பா தை மாதம் இறந்தார். நான்காம் நாளே இரவு வேலைக்குப் போனேன். வேலையில் நின்றால் மறந்துபோகும் என்று எங்கள் எஸ்பியர்க் நகரில் செத்தவீட்டுக்கு வந்த எல்லோரும் சொன்னார்கள். முதியோர் இல்லத்தில் இரவில் முப்பது பேருக்கு நாங்கள் இருவர். மூன்று வாரம் ஓடியது. பிறகு ஒரு இரவு ஒன்பதாம் அறை மணி அடித்தது. துணி அடுக்கும் அறைக்குள் இருந்து அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். நாற்பது நிமிடம் எழும்பவில்லை. அந்தக் கிழவி இடுப்பெலும்பு முறிந்து நிலத்தில் கிடந்தாள். விடிந்ததும் சீருடையைக் கழற்றிவைத்துவிட்டு வந்தவன் திரும்பிப் போகவில்லை. மருத்துவர் நோய் விடுப்பு எழுதித் தந்தார்.

விடுப்பு நீளுமா, அல்லது திங்கட்கிழமை அந்த மணிச் சத்தத்துக்குள் மறுபடி போகவேண்டுமா என்பது இன்று தெரிந்துவிடும்.

துணைக்கு ஒருவரைக் கூட்டிவரலாம் என்று கொம்யூன் கடிதத்தில் இருந்தது. அம்மா வந்தார். முப்பது வருடம் பள்ளிக்கூடங்களைத் துப்புரவு செய்து பழகிய டெனிஷ் அவரிடம் இருந்தது.

லீஸ என்ற அலுவலர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"பரவாயில்லை" என்றேன். தானாக வந்துவிட்டது. அரசாங்கக் கந்தோரில் வேறு பதில் சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை.

லீஸ தட்டச்சு செய்தார். அம்மா முன்னுக்குச் சரிந்து டெனிஷில் தொடங்கினார்.

"மகன் நல்லவன். குடி இல்லை. சமையல் செய்வான். காரில் என்னைக் கடைக்குக் கூட்டிப்போவான்."

"தினமும் கார் ஓட்டுகிறாரா?"

"தினமும்."

"நித்திரை?"

"நல்ல நித்திரை."

கலியாணத்துக்கு விசாரிக்க வந்தவர்களுக்குச் சொல்வதுபோல் அம்மா சொல்லிக்கொண்டு போனார். லீஸவின் விரல்கள் ஓயவில்லை. காதுக்குள் ஒன்பதாம் அறை மணி.

"அப்படியானால் திங்கட்கிழமை, குறைந்த நேரத்தோடு தொடங்கிப் பார்ப்போமா?" என்றார் லீஸ.

அம்மா சிரித்தபடி என் பக்கம் திரும்பினார். "ஓம் எண்டு சொல்லு."

"அம்மா, குளியலறைத் திறப்பு எங்கை?"

சிரிப்பு நின்றது. "இப்ப ஏன் அது?"

"எங்கை?"

"வீட்டு விசயத்தை இஞ்சை கதைக்காதை. இவள் எழுதிப்போடுவாள். பிறகு ஆர் உனக்குப் பொம்பிளை தருவினம்?"

"திங்கட்கிழமை என்னை அங்கை விட்டால் பொம்பிளை தேவைப்படாது."

என்ன பேசுகிறோம் என்று லீஸ கேட்டார். டெனிஷில் சொன்னேன். நான் உள்ளே பூட்டிக்கொள்வேன் என்று பயந்து அம்மா திறப்பை ஒளித்துவைத்திருக்கிறார். இரவில் என் அறைக்கு வெளியே கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். நான் நித்திரை கொள்வதில்லை, அதனால் தெரியும்.

அம்மா மறுப்பார் என்று நினைத்தேன். அவர் கைப்பையைத் திறந்து, கைலேஞ்சித் துணியில் சுற்றியிருந்த திறப்பை எடுத்து மேசையில் வைத்தார்.

"பயம்" என்றார் டெனிஷில். "எல்லா இரவும்."

செத்துப்போக யோசிக்கிறீர்களா என்று லீஸ என்னை நேராகக் கேட்டார். ஓம் என்றேன். யாருக்கும் சொன்னதில்லை. சொன்ன பிறகும் அறை அப்படியேதான் இருந்தது.

அவர் எழுதியதை அழித்தார். விடுப்பை நீட்டுவதாகச் சொன்னார். எங்களுக்கு முன்னாலேயே தொலைபேசியை எடுத்து, மதியத்துக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கினார்.

கார் நிறுத்துமிடத்தில் கடற்காற்று சேட்டைக் கசக்கியது.

"வீணா மினுக்கினன்" என்றார் அம்மா. திறப்பை மறுபடி கைலேஞ்சியில் சுற்றினார். "இதைத் தரமாட்டன்."

"நான் கேக்கேல்லை."

"அந்தக் கதிரையில இருந்து இடுப்பு நோகுது."

"இண்டைக்கு உள்ளுக்கு வந்து இருங்கோ" என்றேன்.